‘ரெண்டு ஸ்டாப் ஏத்து’ என்பது பாடமல்ல

வடபழனியில் ஒரு வாடகை ஸ்டுடியோ. மாடல் போட்டோகிராஃபிக்கு லைட்டிங் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சி வகுப்பு. பதினைந்து பேர் ஆளுக்கொரு கேமராவோடு சுவரோரம் நின்றிருந்தார்கள். நண்பர் ஒருவர் அழைத்ததால் நானும் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மாடலாக வந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நல்ல கறுப்பு. எடுப்பான கன்ன எலும்பு, நீண்ட கழுத்து, லென்ஸைப் பார்த்ததும் தானாக நிமிரும் முகவாய். அப்படி ஒரு முகம் எதிரே வந்து நிற்பது போட்டோகிராஃபருக்குக் கிடைக்கிற கொடுப்பினை.

பயிற்சியாளர் அறுபது சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினார். லைட் மீட்டரை அவள் முகவாய்க்கடியில் பிடித்தார். எஃப் 8 காட்டியது. ஒரு படம் எடுத்து லேப்டாப்பில் போட்டார். “பாருங்க, ஸ்கின் இருட்டா விழுது. டஸ்கி ஸ்கின்னுன்னா எப்பவுமே ரெண்டு ஸ்டாப் ஏத்திடணும். எழுதிக்கங்க” என்றார். பதினைந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். ஃப்ளாஷின் பவரை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஏற்றி அடுத்த படத்தை எடுத்தார். நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. மூக்கு நுனி வெந்துபோயிருந்தது. கன்னம் செங்கல் பொடியில் சாம்பலைக் கலந்த மாதிரி ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. “இப்ப ஓகே” என்றார். அந்தப் பெண் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மேக்கப் போட்டவரிடம் மெதுவாகச் சொன்னாள்: “இது என்ன மாதிரியே இல்லயேக்கா.”

அந்த அறையில் ஒளியைப் பற்றி அன்றைக்குச் சரியாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

கறுப்புத் தோல் வெளிச்சத்தைக் குடித்துவிடும், அதனால் அதற்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும் என்கிற இந்த நம்பிக்கையைத் தனி ஒருவர் தலையில் கட்ட முடியாது. கல்யாண போட்டோகிராஃபரிலிருந்து விளம்பரப் படம் எடுப்பவர் வரை, அசிஸ்டென்டாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் பாடம் இது. நானும் ஆறு வருடம் இதை நம்பி வேலை செய்தேன். எத்தனையோ முகங்களை இதனால் கெடுத்திருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதைத் தயங்காமல் சொல்கிறேன்: ஒளி நடந்துகொள்ளும் விதத்துக்கே இந்தச் சூத்திரம் எதிரானது. கற்க வருபவனின் கண்ணை முதல் நாளிலேயே கட்டிவிடுகிறது. கேமராவுக்கு முன்னால் நிற்பவரையும் அவமதிக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்டுடியோ லைட்டிங் கற்றுக்கொள்ளும் ஒருவர் வாழ்நாள் முழுக்க எடுக்கப்போகும் முகங்களில் பெரும்பாலானவை மாநிறமும் கறுப்பும்தான். அந்த முகங்களைப் பற்றிய முதல் பாடமே பிழை என்றால் மிச்சப் பாடங்களால் என்ன பயன்?

இரண்டு ஸ்டாப் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கையில் பிடிக்கும் லைட் மீட்டரின் வெள்ளைக் குமிழ், முகத்தின் மேல் வந்து விழும் ஒளியை அளக்கிறது. முகம் எந்த நிறம் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது எஃப் 8 என்றால் எஃப் 8. அந்த அளவில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாகவும் சாம்பல் சாம்பலாகவும் கறுப்பு கறுப்பாகவும் அதனதன் இடத்தில் விழும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டரின் கதை வேறு. எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அதனால் பார்க்க முடியும். பார்ப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சாம்பலாக விழுவதும் எருமை மாடு சாம்பலாக விழுவதும் இதனால்தான். வேட்டி சாம்பலானால் அது மீட்டரின் பிழை என்று எல்லோருக்கும் தெரிகிறது. எருமை சாம்பலானாலும் தெரிகிறது. மனித முகம் சாம்பலானால் மட்டும் “இப்ப ஓகே” என்கிறோம்.

1940 வாக்கில் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு படியாகப் பிரிக்கும் ஸோன் முறையில், வெள்ளைக்காரர்களின் தோல் ஆறாவது ஸோனிலும் கருந்தோல் ஐந்தாவதிலும் இருக்கும். நம்மூர் அடர்ந்த கறுப்பு அதற்கும் கீழே இறங்கும். ஆக வெளுத்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் நடுவே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை இயல்பான இடைவெளி உண்டு. இப்போது அந்தச் சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். இரண்டு ஸ்டாப் ஏற்றினால் கறுத்த முகம் எங்கே போய் நிற்கும்? வெளுத்த முகம் நிற்க வேண்டிய இடத்தில். ‘சரியான எக்ஸ்போஷர்’ என்ற பெயரில் நடப்பது இதுதான். வெளுப்பாக்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணாவது மறுத்திருப்பாள். தொழில்நுட்பத்தின் பெயரால் சொன்னதால் அவள் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள்.

சரி, ஏற்றாவிட்டால் முகம் மங்கித்தானே தெரிகிறது, அந்த முதல் படம் நன்றாக இல்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் படம் நன்றாக இல்லைதான். ஆனால் அதன் குறை வெளிச்சத்தின் அளவில் இல்லை. எங்கே இருந்தது என்று காட்ட எனக்கு ஒரு முட்டையும் ஒரு கத்திரிக்காயும் போதும்.

கத்திரிக்காய் கருநீலத்தில், தோல் சுருங்காமல், பளபளவென்று இருக்கட்டும். முட்டை வெள்ளை முட்டை. இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு சின்ன விளக்கை அடியுங்கள். முட்டையின் உருண்டையை உங்களுக்குச் சொல்வது எது? நிழல். ஒளி பட்ட பக்கம் வெள்ளை, படாத பக்கம் சாம்பல், நடுவே ஒன்று இன்னொன்றாக மாறும் வளைவு. கத்திரிக்காயில் அந்த வளைவைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒளி பட்ட பக்கமும் இருட்டு, படாத பக்கமும் இருட்டு. அதன் மேல் ஒரு பொட்டு மட்டும் சுள்ளென்று மின்னும். அந்தப் பொட்டு வேறொன்றும் இல்லை, உங்கள் விளக்கின் பிம்பம். இப்போது விளக்கின் பவரை ஏற்றுங்கள். காய் லேசாக ஊதா காட்டும், பொட்டு வெந்து வெள்ளையாகிவிடும், உருவம் மட்டும் வரவே வராது. பவரைப் பழையபடி வைத்துவிட்டு, விளக்குக்கு முன்னால் ஒரு எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிடுங்கள். அந்தப் பொட்டு நீண்டு, காயின் தோளிலிருந்து அடிவரை வழியும் ஒரு வெள்ளிப் பட்டையாக மாறும். கத்திரிக்காய் உடனே உருண்டுவிடும்.

வெளுத்த பொருளுக்கு நிழல் உருவம் கொடுக்கிறது, கறுத்த பொருளுக்குப் பளபளப்பு உருவம் கொடுக்கிறது. ஸ்டுடியோ லைட்டிங்கில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் வகுப்புகளில் இல்லாத பாடமும் இதுதான்.

தோலின் கதையும் இதே. தோலில் படும் ஒளி இரண்டு வழிகளில் திரும்புகிறது. ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவது போலப் பட்டுத் திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய், சிதறி, தோலின் நிறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வரும். மெலனின் குடிப்பது இந்த இரண்டாவது ஒளியைத்தான். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தொடுவதே இல்லை. அது வெளுத்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் கறுத்த முகத்தில் பளபளப்பின் பங்கு, ஒப்பிட்டுப் பார்த்தால், மிகப் பெரியது. கோயிலில் எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் மூலவரைத் தீபாராதனை நேரத்தில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இருட்டுக் கருவறையில் ஒரு கற்பூரத் தட்டு மேலும் கீழும் சுற்றிவர, மூக்கின் முனையும் கன்னத்தின் மேடும் இதழின் ஓரமும் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. அங்கே யாரும் இரண்டு ஸ்டாப் ஏற்றவில்லை. கல்லின் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, முகம் முழுசாகத் தெரிகிறது.

இனி அந்த வடபழனி சாஃப்ட்பாக்ஸுக்கு வருகிறேன். இரண்டு மீட்டரில் இருந்த அதை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பவரைத் தொட வேண்டாம். தூரம் பாதியானால் முகத்தில் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் கூடும். தோலுக்குள் போய்த் திரும்பும் ஒளியும் அதே அளவு கூடும். ஆனால் பளபளப்பு கூடாது. ஏனென்றால் அது பிம்பம். கண்ணாடிக்கு எதிரே இருக்கும் குழல்விளக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே தெரியும் விளக்கு பெரிதாகுமே தவிர, கண்ணைக் கூடுதலாகக் கூசாது. அதே போல முகத்தின் பளபளப்பும் அகலமாகும், அதன் பிரகாசம் மட்டும் முன்பிருந்தபடியே நிற்கும். தோல் இரண்டு ஸ்டாப் ஏறி அதன் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது மீட்டர் எஃப் 16 காட்டும். நமக்கு வேண்டியது எஃப் 8. ஆகவே பவரை இரண்டு ஸ்டாப் இறக்க வேண்டும். இறக்கினால் தோல் முதல் படத்தில் இருந்த அதே கறுப்பில் இருக்கும், சுள்ளென்ற பொட்டு இரண்டு ஸ்டாப் தணிந்து நான்கு மடங்கு பரந்து கன்னத்தின் மேல் மெழுகினாற்போலக் கிடக்கும்.

பயிற்சியாளர் ஏற்றிய அதே இரண்டு ஸ்டாப்பை இறக்கியிருக்க வேண்டும். விளக்கை நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்த முடியாத இடமாக இருந்தால் அறுபது சென்டிமீட்டரைக் கழற்றிவிட்டு நூற்றிருபதை மாட்டியிருக்கலாம். நீளம் அகலம் இரண்டும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கணக்கு அதேதான். இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஃப்ளாஷைத் திருப்பி வெள்ளைச் சுவரில் அடித்தால் அந்தச் சுவர் முழுவதும் உங்கள் சாஃப்ட்பாக்ஸ்.

இந்த இடத்தில் நம் பயிற்சி வகுப்புகளின் பாடத்திட்டத்தையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் என்ன கற்றுத்தருகிறார்கள்? ரெம்ப்ராண்ட், பட்டர்ஃபிளை, லூப், ஸ்ப்ளிட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், விளக்கு இந்தக் கோணத்தில், ஸ்டாண்ட் இந்த உயரத்தில். ரெம்ப்ராண்ட் என்றால் நிழல் விழுந்த கன்னத்தில் முக்கோணமாக ஒரு வெளிச்சம். பட்டர்ஃபிளை என்றால் மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒரு நிழல். 1930களில் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டுடியோ தன் நடிகைகளுக்குப் பயன்படுத்தியதால் பாரமவுண்ட் லைட்டிங் என்றும் பெயர். லூப் என்றால் மூக்கோரம் வளையமாக விழும் நிழல். கவனியுங்கள், எல்லாமே நிழல் விழும் விதத்தை வைத்துப் பிரித்தவை. நிழல் தெளிவாக எழுதப்படும் வெளுத்த முகங்களைப் பார்த்து, அந்த முகங்களுக்காக வகுத்த அகராதி இது. அதில் குற்றமில்லை, அவர்கள் தங்கள் முன்னால் இருந்த முகங்களை ஒழுங்காகப் பார்த்து எழுதினார்கள். நாம் செய்தது என்ன? அந்த அகராதியை மனப்பாடம் செய்துகொண்டு, நம் முன்னால் நிற்கும் முகத்தில் அந்த நிழலைத் தேடினோம். கறுத்த கன்னத்தில் அந்த முக்கோணம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவைக்க ஏற்றினோம். தப்பு முகத்தில் இல்லை, தேடிய பொருளில் இருந்தது. கறுத்த முகத்தில் தேட வேண்டியது பளபளப்பின் வடிவம். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓரம் கத்தி வெட்டினாற்போல இருக்கிறதா, கரைந்து போகிறதா, நெற்றியிலிருந்து மூக்குத்தண்டு வரை ஒரே இழையாக ஓடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதைக் கற்க வரைபடம் உதவாது. கேரம் போர்டில் ரிபவுண்ட் அடிக்கத் தெரிந்தவருக்கு இது பாதி தெரியும். காய் எந்தக் கோணத்தில் கட்டையில் மோதுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். கேமராவிலிருந்து கன்னத்துக்கு ஒரு கோடு, கன்னத்திலிருந்து அதே சாய்வில் வெளியே ஒரு கோடு. அந்த இரண்டாவது கோடு போய் முட்டும் இடத்தில் வெளிச்சமான ஒரு பரப்பு இருந்தால் கன்னத்தில் பளபளப்பு உண்டு, இல்லாவிட்டால் எத்தனை ஆயிரம் வாட் அடித்தாலும் கிடையாது. என் அசிஸ்டென்ட் பையன்களுக்கு நான் சொல்லித்தரும் வழி எளிமையானது. லென்ஸ் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து நில். இன்னொருவன் செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு மாடலைச் சுற்றி மெதுவாக நகரட்டும். கன்ன எலும்பின் மேல் எப்போது மின்னுகிறதோ அப்போது “நில்லு” என்று சொல். அவன் கை இருக்கும் இடத்தில் சாஃப்ட்பாக்ஸை வை. தாடை எலும்பு மின்னும் இடத்தில் தெர்மாகோலை வை. வெள்ளைத் தெர்மாகோல் ஃபில் கொடுப்பதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதே, கறுத்த தோலில் அந்த அட்டையே ஒரு விளக்காகத் தெரியும். இந்த ஒரு பயிற்சியைப் பத்து முகங்களில் செய்தவன் அதன்பிறகு வரைபடம் கேட்பதில்லை.

பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதுவும் அந்தச் சூத்திரத்தின் கூடப்பிறந்ததுதான். முகம் மின்னுகிறது என்றால் உடனே “மேட் பண்ணுங்கக்கா” என்று குரல் கொடுப்போம். வெளுத்த தோலில் மினுமினுப்பைத் துடைத்தாலும் நிழல் மிச்சமிருக்கும், முகம் பிழைத்துக்கொள்ளும். கறுத்த தோலில் அதையும் துடைத்துவிட்டால் உருவத்தைச் சொல்ல எதுவும் மிஞ்சாது. முகம் தட்டையாகும், சாம்பல் பூக்கும். மின்னும் பொட்டு உறுத்தினால் அது விளக்கு சின்னது என்பதற்கான அடையாளம். பெரிய விளக்கின் முன்னால் தோலில் இருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசை ஒரு வரம். ‘இன்செக்யூர்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு ஒளிப்பதிவு செய்த ஏவா பெர்காஃப்ஸ்கி, கறுப்பின நடிகர்களின் தோலுக்குப் பளபளப்பு தரும் பூச்சு பூசச் சொல்வதையும் வெள்ளைப் பலகைகளில் அடித்துத் திருப்பிய மெல்லிய ஒளியில் அவர்களைப் படம்பிடிப்பதையும் 2017இல் வெளிப்படையாக விளக்கியிருக்கிறார். குளித்துவிட்டு வந்த பிள்ளையின் முகத்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பும் நம் வீட்டு அம்மாக்களுக்கு அதன் அழகு முன்பே தெரியும்.

ஃபிலிம் காலத்தில் ஏற்றித்தானே எடுத்தார்கள், பெரியவர்கள் சொன்னது பொய்யா என்று மூத்தவர்கள் சிலர் கோபப்படுவதுண்டு. ஃபிலிமே சிலருக்காகச் செய்யப்பட்ட பொருள் என்பதை அவர்கள் அறிய வேண்டும். 1954இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி கோடாக் நிறுவனம், ஃபிலிம் விலையோடு கழுவும் கட்டணத்தையும் சேர்த்து வாங்குவதைக் கைவிட்டது. வெளி லேப்கள் பெருகின. அவர்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். அவர் பெயரால் அது ஷெர்லி கார்டு ஆனது. அவர் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. இதை ஆராய்ந்து எழுதிய லோர்னா ராத் சொல்லும் ஒரு செய்தி என்னை நெடுநாள் உறுத்தியது: பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடாக்கின் காதில் விழும்படி புகார் செய்தவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். தென்னாப்பிரிக்காவில் இனவெறி அரசு கறுப்பினத்தவரைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கச் சொன்ன பாஸ் புத்தகங்களுக்கான படங்கள் போலராய்டு கருவிகளில் எடுக்கப்பட்டன. ஐடி-2 என்ற அதன் கேமராவில் ஃப்ளாஷைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தானே இருந்தது. நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள் 1970இல் தொடங்கிய எதிர்ப்பின் விளைவாக 1977இல் போலராய்டு அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. ‘ஏத்து’ என்ற கட்டளைக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு. அந்த ஃபிலிம் இன்று நம் கையில் இல்லை. கையில் இருக்கும் டிஜிட்டல் சென்சார் அடர்ந்த நிழலிலும் நுணுக்கங்களைப் பிடித்து வைக்கிறது. சூத்திரத்தை மட்டும் ஏன் சுமக்கிறோம்?

நம்மவர்களில் எல்லோரும் அதைச் சுமக்கவும் இல்லை. ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். வானமே வெளிச்சம் தருவது போன்ற அந்த ஒளி இந்தியாவில் பிறந்தது, நம் தோலின் மேல் விழுந்தது. பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்தில் அர்ச்சனாவின் முகத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று லைட்டிங் கற்பவர்கள் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஜன்னலும் வாசலும் தருகிற ஒளியில் அவர் மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது. ஒரு இடத்தில்கூட வெளுக்கவில்லை, ஒரு இடத்தில்கூட மங்கவில்லை. அந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் முகத்தில் ஓடிய ஒவ்வொரு எண்ணமும் நமக்குத் தெரிந்ததற்கு அந்த ஒளிக்கும் பங்கு உண்டு.

எதிர்த்தரப்பில் ஒரு தொழில்நுட்ப வாதம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. எக்ஸ்போஷரைச் சற்று ஏற்றி எடுத்து, ரா ஃபைலைப் பிறகு லைட்ரூமில் இறக்கினால் நிழல் பகுதிகளில் நாய்ஸ் குறையும் என்பார்கள். மங்கலான இடங்களில் எடுக்கும்போது அது உண்மை. ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் வைத்து ஐஎஸ்ஓ 100இல் எடுக்கும்போது நாய்ஸ் எங்கே இருக்கிறது? ஏற்றியதால் வெந்துபோன நெற்றியைத்தான் எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதோடு, ஏற்றி எடுத்துவிட்டுப் பிறகு இறக்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எச்.எஸ்.எல். பகுதியைத் திறந்து ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸ் கோலை வலப்பக்கம் இன்னும் தள்ளுவதைத்தான் பார்த்திருக்கிறேன். உதட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் அழியும்வரை தள்ளுவார்கள்.

கடைசியாக எல்லோரும் ஒதுங்கும் நிழல் ஒன்று உண்டு: கிளையன்ட் வெளுப்பாகத்தான் கேட்கிறார். கேட்கிறார்கள், மறுக்கவில்லை. கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரங்களுக்கான சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2014இலேயே விதி வகுத்தது. ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருந்த முகப்பூச்சு 2020இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஆசை இன்னும் போய்விடவில்லை என்பது ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாதா? ஆனால் ஒருவர் வெளுப்பு கேட்பது வேறு, தோலுக்கு அதுவே சரியான எக்ஸ்போஷர் என்று கற்றுத்தருவது வேறு. முன்னது வியாபாரம், அதில் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சி. பின்னது பொய். மாணவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லக் கூடாது.

மாடலின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பொய்யின் விலை கண்கூடு. போர்ட்ஃபோலியோ எதற்கு? இந்த முகம் இப்படி இருக்கும் என்று, நேரில் பார்க்காத ஒருவருக்குச் சொல்வதற்கு. ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கோ கைத்தறிப் புடவைக்கோ அந்தப் படத்தைப் பார்த்து அழைப்பவர், நேரில் இரண்டு ஸ்டாப் கறுத்த ஒருத்தி வந்து நிற்பதைப் பார்க்கிறார். “போட்டோல வேற மாதிரி இருந்தீங்களே” என்கிறார். இருபதாயிரமும் முப்பதாயிரமும் கடன் வாங்கிக் கட்டி எடுத்துக்கொண்ட படங்கள் அந்த ஒரு வாக்கியத்தில் செல்லாக்காசாகின்றன. அவமானம் அவளுக்கு, ஏற்றியவருக்கு இல்லை. அவளைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் உண்மையிலேயே அந்தக் கறுப்பைத்தான் தேடியிருக்கலாம் என்பது இன்னும் பெரிய இழப்பு. வெளுத்த படத்தைப் பார்த்து அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டிருப்பார்.

அந்த வகுப்பு முடிந்த மூன்றாவது வாரம் அந்தப் பெண் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கூடத் தம்பி வந்திருந்தான். பழைய படங்களை போனில் காட்டி, “இத அனுப்பவே கூச்சமா இருக்குண்ணா” என்றாள். வெள்ளை பேக்ட்ராப்பைச் சுருட்டி வைத்துவிட்டுக் காவிமண் நிறத்தில் ஒன்றை இறக்கினோம். வெள்ளைப் பின்னணியிலிருந்து தெறித்து லென்ஸுக்குள் வரும் ஒளி கறுப்பின் அடர்த்தியைக் கலைத்துவிடும் என்பதற்காக. பவுடரை ஒற்றி எடுக்கச் சொல்லிவிட்டு, கன்ன மேட்டில் மட்டும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர். நூற்றிருபது சென்டிமீட்டர் ஆக்டா சாஃப்ட்பாக்ஸை டார்ச் காட்டிய இடத்தில், அவள் கை நீட்டினால் தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்தோம். மறுபக்கம் தாடைக்கு நேரே ஆளுயரத் தெர்மாகோலைத் தம்பியே பிடித்துக்கொண்டான். மீட்டரை முகவாய்க்கடியில் பிடித்தேன், எஃப் 16 காட்டியது. பவரை இரண்டு ஸ்டாப் இறக்கினேன். எஃப் 8.

முதல் படம் லேப்டாப்பில் வந்ததும் அவள் எழுந்து வந்தாள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கன்னத்தையும் கழுத்தையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்த அம்மைத் தழும்பு ஒன்று, வெள்ளி விளிம்போடு, துல்லியமாகத் தெரிந்தது. வேண்டுமானால் அழித்துத் தருகிறேன் என்றேன்.

“இருக்கட்டும்ணா” என்றாள். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.